சிறு மோட்டார் வண்டிக்கு எண்ணெய்-வாயு வில்லமைப்பு

மாடு இழுக்கும் வண்டியாயினும், அதன் அச்சுக்கும் கூட்டுக்கும் இடையே இரும்புவில் அமைக்கப்பட்டதும் அது பாரவண்டியினின்றும் வேறாகிய ஒரு பெயரையும் மதிப்பையும் பெற்றது. 'வில்வண்டி' என்னும் அப்பெயர், பயணத்தின் சுகம் இழுக்கும் விசையில் மாத்திரமன்றித் தாங்கும் வில்லிலும் தங்கியுள்ளது என்பதைத் தமிழ் மக்கள் மோட்டார் வண்டி தோன்றுமுன்னரே நன்கு அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றாகும். மோட்டார் வண்டியின் வரலாற்றிலும் இவ்வுண்மை பலகாலும் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. எஞ்சின் வலுப்பெற்று வேகம் மிகுந்த ஒவ்வொரு காலத்திலும், வில்லைத் திருத்த வேண்டிய தேவையும் உடன்தோன்றியது.

இவ்வாறு தோன்றிய திருத்தங்களுள் மிகவும் வியக்கத்தக்கது, இரும்பை அறவே நீக்கி, அடைபட்ட வாயுவை வில்லாகவும், எண்ணெயை அவ்வில்லுக்கும் சில்லுக்கும் இடையே தூது செல்லும் பொருளாகவும் கொண்ட அமைப்பாகும். பிரான்சு தேசத்துச் சிட்ரோவென் நிறுவனம் இதனை 1954ஆம் ஆண்டு முதன்முதலாக விற்பனைக்குரிய வண்டியொன்றிற் பொருத்தியது. 2017ஆம் ஆண்டுவரை தன் வண்டிகளிற் கையாண்டது. வண்டிகளைத் தம் விருப்பத்திற்கேற்ப மாற்றியமைப்போர் சிலர், பழைய சிட்ரோவென் வண்டிகளினின்றும் இவ்வுறுப்புகளைக் கழற்றி, வேறு வில்லுக்கென வகுக்கப்பட்ட சிறு வண்டிகளிற் பொருத்த முயல்வதுண்டு. அம்முயற்சி எந்த அளவிற்குப் பயன் தரும், எவ்விடத்தில் இடர் விளைக்கும் என்பன இங்கு ஆராயப்படும்.

சிறு வண்டியின் இடர்ப்பாடு

வில்லின்மேல் நிற்கும் வண்டியை அமுக்கி விட்டால் அது மேலுங் கீழுமாக ஆடும். ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ ஒருமுறை ஆடுமாயின் அவ்வாட்டம் மனித உடலுக்கு இதமாக இருக்கும். அது மனிதன் நடக்கும்பொழுது அவனுடல் பழகிய அசைவுக்கு அண்மித்தது. செக்கனுக்கு இரண்டு முறைக்கு மேலாயின் உடல் குலுங்கும். ஆகவே மென்மையான வில்லே வேண்டப்படுவது. ஆனால் மென்மைக்கு ஒரு விலையுண்டு. செக்கனுக்கு ஒருமுறை ஆடும் சாதாரண இரும்புவில், வண்டியின் சொந்தப் பாரத்தினால் மாத்திரம் 25 சதமமீற்றர் அமுங்கி நிற்றல் வேண்டும். இஃது இயக்கவியல் விதியினின்றும் நேரே பெறப்படுவதொன்று.

இனி, 600 கிலோகிராம் நிறையுள்ள சிறு வண்டியொன்றை எடுத்துக்கொள்க. நால்வர் ஏறித் தம் பொருள்களையும் ஏற்றுவாராயின் 300 கிலோகிராம் கூடும். அஃதாவது, வண்டியின் நிறையிற் பாதி. அந்நிலையில் மேற்கூறிய மென்வில் இன்னும் 12 சதமமீற்றருக்குச் சற்று மேலாக அமுங்கும். சிறு வண்டியில் உடலுக்கும் நிலத்துக்கும் இடையேயுள்ள இடைவெளியே ஏறத்தாழ அவ்வளவாதலின், வண்டி நிலத்தில் உராயத் தொடங்கும். 1200 கிலோகிராம் நிறையுள்ள பெருவண்டியிலோ, அதே நால்வரும் அதே பொருள்களும் காற்பங்கு நிறையையே கூட்டுவர்; வில்லும் அதற்கேற்பக் குறைவாகவே அமுங்கும்.

இதனாலேயே சிறு வண்டிகளின் வில்கள் வன்மையாக அமைக்கப்படுகின்றன. செக்கனுக்கு ஒன்றரை முறை ஆடும் வில்லாயின், சொந்தப் பாரத்தால் 11 சதமமீற்றரும், மேற்குறித்த சுமையால் மேலும் ஐந்தரைச் சதமமீற்றரும் அமுங்குவதோடு அமையும். சுமையேற்ற வேண்டும் என்பதற்காகச் சுகம் விட்டுக்கொடுக்கப்படுகிறது. ஓட்டுநர் தனியே செல்லும் நாளிலும் அவ்வன்மை அவரை விடுவதில்லை. எனவே, சுமைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் வில் எவருக்கேனும் இன்றியமையாததாயின், அது சிறு வண்டிக்கே எனலாம்.

வாயு வில்லாகும் முறை

போயிலின் விதியைக் கற்ற மாணவர் எவரும் வாயுவில்லின் அடிப்படையை எளிதில் உணர்வர். வெப்பநிலை மாறாதிருக்க, அமுக்கம் இருமடங்கானால் வாயுவின் கனவளவு பாதியாகும். அமுக்கம் கூடக்கூட, வாயுவை மேலும் நெருக்குதல் அரிதாகிறது. இரும்புவில்லின் வன்மை சுமையால் மாறாது. வாயுவில்லின் வன்மையோ சுமையுடன் வளர்கிறது.

சிட்ரோவென் அமைப்பில் ஒவ்வொரு சில்லுக்கும் ஓர் உருக்குக் கோளம் உண்டு. கோளத்தின் நடுவே இறப்பர் மென்றகடொன்று அதனை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்பாதியில் நைதரசன் வாயு உயர் அமுக்கத்தில் அடைக்கப்பட்டுள்ளது. கீழ்ப்பாதியில் எண்ணெய் நிற்கிறது. நைதரசன் தீப்பற்றாதது, உறுப்புகளை அரியாதது. சில்லு மேலெழும்பொழுது, அதனுடன் இணைந்த முசலம் உருளையினுள் ஏறி, எண்ணெயைக் கோளத்தினுள் தள்ளுகிறது. எண்ணெய் மென்றகட்டின் வழியே வாயுவை நெருக்குகிறது. கோளத்தின் கழுத்தில் நுண்டுளைகளும் அவற்றை மூடும் மெல்லிய தகடுகளும் உள்ளன. எண்ணெய் அவ்வழியே நெருங்கிச் செல்லுங்கால் ஆட்டம் தணிகிறது. வில்லும் ஆட்டந்தணிப்பானும் இவ்வாறு ஓருறுப்பிலேயே ஒன்றுபடுகின்றன.

இவ்வளவுடன் அமைப்பு முற்றுப்பெறவில்லை. சுமையேறினால் வாயு நெருங்கி வண்டி தாழவே செய்யும். அதனை நிமிர்த்துவதற்கு மேலும் மூன்று உறுப்புகள் வேண்டும். எஞ்சினால் இயங்கும் பம்பியொன்று எண்ணெயை உயர் அமுக்கத்திற்கு ஏற்றுகிறது. சேமகலம் ஒன்று அவ்வெண்ணெயை வளிமண்டல அமுக்கத்தைப் போன்று ஏறத்தாழ 145 மடங்குக்கும் 170 மடங்குக்கும் இடைப்பட்ட அமுக்கத்தில் வைத்திருக்கிறது. உயரந்திருத்தி என்னும் வாயில், வண்டி தாழ்ந்தால் எண்ணெயை உருளையினுள் விட்டும், உயர்ந்தால் வெளியே விட்டும், உடல் எஞ்ஞான்றும் ஒரே உயரத்தில் நிற்குமாறு செய்கிறது. இவ்வுயரந்திருத்தி உடனடியாக வினைப்படுவதன்று. ஒவ்வொரு மேட்டுக்கும் குழிக்கும் அது விடையளிக்க முற்படுமாயின், வண்டி ஓயாது ஏறியிறங்கும். ஆதலின் சில செக்கன்கள் தாமதித்தே செயற்படுமாறு அது வகுக்கப்பட்டுள்ளது.

இவ்வமைப்பை உருவாக்கியவர் போல் மாஜேஸ் என்பவர். 1908ஆம் ஆண்டு பிறந்த அவர் பொறியியற் கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர். சிட்ரோவென் நிறுவனத்திற் பணிபுரிந்து, தம் முயற்சியாற் கற்று உயர்ந்தவர்.

பழைய வண்டியிற் புதிய வில்

மாஜேசின் அமைப்பு முதலில் வெளிவந்ததே ஒரு பழைய வண்டியிற் பொருத்தப்பட்ட நிலையில் என்பது இங்கு கருதத்தக்கது. திராக்சியோன் அவான் என்னும் வண்டிக்குலம் 1934ஆம் ஆண்டு தோன்றியது. அக்குலத்தைச் சேர்ந்ததும் ஆறு உருளை எஞ்சினைக் கொண்டதுமான பெருவண்டியின் பிற்பகுதியில் மாத்திரம், 1954ஆம் ஆண்டு எண்ணெய்-வாயு வில் அமைக்கப்பட்டது. முற்பகுதியில் முன்போலவே முறுக்குக்கோல்கள் இருந்தன. சுமையின் வேறுபாடு மிகுதியாக உணரப்படுவது பின்னச்சிலேயாதலின், முழுமையையும் ஒருங்கே மாற்றாது தேவை மிக்க இடத்தில் மாத்திரம் மாற்றியமை அறிவுடைச் செயலாகும்.

அடுத்த ஆண்டு, 1955 ஒக்டோபரில், பரிசு நகரக் கண்காட்சியில் தோன்றிய டி.எஸ். வண்டியில் நான்கு சில்லுகளும் இவ்வமைப்பிலேயே நின்றன. தடுப்பும் திசைதிருப்பலும் அதே எண்ணெயமுக்கத்தால் இயங்கின. இவ்வண்டியின் அச்சிடைத்தூரம் 3 மீற்றருக்கு மேற்பட்டது. சிறு வண்டியொன்று இவ்வமைப்பைப் பெறுவதற்குப் பின்னும் பதினைந்து ஆண்டுகள் சென்றன. 1970ஆம் ஆண்டு வெளிவந்த ஜி.எஸ். வண்டி, 1015 கன சதமமீற்றர் எஞ்சினுடன், நான்கு கோளங்களையும் உயரந்திருத்திகளையும் கொண்டிருந்தது. சிறு வண்டியும் இவ்வமைப்பைத் தாங்கும் என்பதற்கு அது சான்று. ஆயின் ஜி.எஸ். வண்டி முதற்கோடு வரையப்பட்ட நாள்தொட்டு இவ்வில்லுக்கெனவே வகுக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது.

மாற்றியமைப்போன் கருத வேண்டுவன

வேறு வில்லுக்கென ஆக்கப்பட்ட சிறு வண்டியை மாற்றியமைப்போன் முதலிற் கருத வேண்டுவது கோளத்தின் அமுக்கம். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பெருவண்டியொன்றின் சில்லு 300 கிலோகிராம் தாங்குகிறது. நெம்புகோல் அமைப்பால் முசலத்தின்மேல் அதன் மும்மடங்கு விசை படுகிறது. முசலத்தின் பரப்பு 10 சதுர சதமமீற்றர் எனக் கொள்க. அப்பொழுது எண்ணெயின் அமுக்கம் ஒரு சதுர சதமமீற்றருக்கு 90 கிலோகிராம். கோளத்தில் முன்னரே 50 என்னும் அமுக்கத்தில் வாயு அடைக்கப்பட்டிருப்பின், அது தன் கனவளவில் ஒன்பதில் ஐந்து பங்காக நெருங்கி, நல்ல வில்லாய் நிற்கும்.

அதே உருளையையும் கோளத்தையும் 150 கிலோகிராம் மாத்திரம் தாங்கும் சிறு வண்டியின் சில்லுக்கு மாற்றினால், எண்ணெயின் அமுக்கம் 45 ஆகும். வாயுவின் அமுக்கமோ 50. எண்ணெய் கோளத்தினுள் நுழையவே இயலாது. மென்றகடு அடியில் ஒட்டிக்கிடக்கும். கோளம் பொருத்தப்பட்டும் வில் இல்லாத வண்டியாக அது முடியும். கல்லிற் கட்டியதுபோலக் குலுங்கும். வாயுவின் அமுக்கத்தைப் பாதியாக்கினால் முன்னிருந்த மென்மை மீளும். முசலத்தின் பரப்பைப் பாதியாக்கினாலோ, கோளத்தை மாற்றாமலே முன்னிலும் மென்மை கிடைக்கும். ஆனால் உருளையைப் புதிதாகக் கடைந்தெடுக்க வேண்டும். பின்சில்லுகளின் சுமை, ஓட்டுநர் தனித்திருக்கும் நிலைக்கும் வண்டி நிறைந்த நிலைக்கும் இடையே ஏறக்குறைய இருமடங்காகலாம். ஆதலின் மிகக் குறைந்த சுமையை அடிப்படையாகக் கொண்டே வாயுவின் அமுக்கம் கணிக்கப்படல் வேண்டும்.

இரண்டாவது, உடலின் வலிமை. வில்லினது விசை முழுவதும் வண்டியுடலின் ஓரிடத்தில் வந்து படுகிறது. பழைய வில் எவ்விடத்தைத் தாங்கி நின்றதோ அவ்விடமே வலுவூட்டப்பட்டிருக்கும். உருளையை வேறிடத்தில் நிறுத்தினால், மெல்லிய தகடு நாளடைவில் வெடித்து விரியும். ஆகவே விசை செல்லும் வழி முழுவதையும் ஆராய்ந்து, தனிச் சட்டகத்தால் வலுவூட்டுதல் இன்றியமையாதது.

மூன்றாவது, அச்சிடைத்தூரம். வண்டியைத் தடுத்து நிறுத்துங்கால் பின்னச்சின் பாரத்தில் ஒரு பகுதி முன்னச்சுக்கு மாறுகிறது. அச்சிடைத்தூரம் குறையக் குறைய இம்மாற்றம் மிகும். 2 மீற்றரளவே அச்சிடைத்தூரமுள்ள வண்டியில் மென்மையான வில்லை வைத்தால், தடுக்குந்தோறும் அது மூக்குக் குத்தும். வேகமெடுக்குந்தோறும் பின்புறம் பதியும். நீண்ட வண்டிக்குச் சுகமாக அமைந்த மென்மை, குறுகிய வண்டிக்கு நோயாகலாம்.

நான்காவதும் தலையாயதும் உயிர்க்காப்பு. எண்ணெய்க் குழாய்களில் நிலவும் அமுக்கம் மிகப் பெரிது. மயிரிழையளவு வெடிப்பினூடு பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உடலினுள்ளும் புகும். அக்காயம் வெளியே சிறிதாகத் தோன்றினும் உடனே மருத்துவரை நாட வேண்டியதொன்று. குழாய்களைத் திறக்குமுன் அமுக்கம் முழுவதையும் இறக்கிவிடல் வேண்டும். எண்ணெயமுக்கத்தில் உயர்ந்து நிற்கும் வண்டியின் கீழ், வேறு தாங்கியின்றி எவரும் புகுதலாகாது. எண்ணெயின் வகையும் கருதத்தக்கது. தொடக்கத்திற் பயன்பட்ட எண்ணெய் நீரை உறிஞ்சி உள்ளுறுப்புகளைத் துருவேற்றியதால், 1966ஆம் ஆண்டு பச்சைநிறக் கனிய எண்ணெய் வழக்கிற்கு வந்தது. ஒன்றுக்கென ஆக்கப்பட்ட இறப்பர் அடைப்புகள் மற்றையதிற் கெட்டுவிடும். சாதாரணத் தடுப்புகளுக்குரிய திரவமும் இக்கனிய எண்ணெயும் ஒருபோதும் கலத்தலாகாது.

டி.எஸ். வண்டியில் வில்லும் தடுப்பும் ஒரே எண்ணெயமுக்கத்தைப் பகிர்ந்தன. அமுக்கம் குறையுங்கால் தடுப்புக்கே முதலில் எண்ணெய் செல்லுமாறு காப்பு வாயில்கள் அமைக்கப்பட்டிருந்தமையால் அது இயன்றது. மாற்றியமைப்போன் அத்துணை நுட்பத்தைத் தன் பட்டறையில் மீண்டும் ஆக்குதல் அரிது. வண்டியுடன் வந்த தடுப்பமைப்பை அவன் தீண்டாது விடுவதே தக்கது. 2001ஆம் ஆண்டு சி-5 வண்டியை விற்பனைக்கு விட்ட சிட்ரோவென் நிறுவனமும், வில்லினின்றும் தடுப்பைப் பிரித்து, பம்பியை மின்மோட்டாரால் இயக்கியது என்பது இவ்வறிவுரைக்கு அரணாகும். எஞ்சின் அறையில் இடமற்ற சிறு வண்டிக்கு, அம்மின்பம்பி முறை மற்றொரு வகையாலும் ஏற்றது.

மோல்ட்டன் கண்ட வழி

ஆங்கிலப் பொறியியலாளர் அலெக்ஸ் மோல்ட்டன் இதே சிக்கலை மற்றொரு பக்கத்தினின்றும் அணுகினார். அலெக் இசிகோனிஸ் வகுத்து 1959ஆம் ஆண்டு வெளிவந்த மினி வண்டியில், மோல்ட்டனின் இறப்பர்க் கூம்புகளே வில்லாயிருந்தன. சிறுமை கருதியே அவை தெரியப்பட்டன. ஆயினும் வண்டி வன்மையாகக் குலுங்கியது. பின்னர் அவர் ஆக்கிய ஐதரோலாஸ்டிக் என்னும் அமைப்பு, 1962ஆம் ஆண்டு 1100 என்னும் வண்டியிலும், 1964ஆம் ஆண்டு மினியிலும் இடம்பெற்றது. இதில் வில்லாக நின்றது இறப்பரே. ஆனால் ஒரே பக்கத்து முன்சில்லும் பின்சில்லும் திரவக் குழாயால் இணைக்கப்பட்டன. முன்சில்லு மேட்டில் ஏறும்பொழுது திரவம் பின்னோக்கிச் சென்று பின்புறத்தையும் உயர்த்துமாதலின், வண்டி முன்பின்னாகத் தாலாட்டாது மட்டமாக எழும். பம்பியில்லை, உயரந்திருத்தியுமில்லை.

1100 வண்டியில் இவ்வமைப்பு பெரும்பயன் விளைத்தது. மினியிலோ, வேறு வில்லுக்கென ஆக்கப்பட்ட உடலில் அது பின்னர்ப் பொருத்தப்பட்டதொன்று. அச்சிடைத்தூரம் குறுகியதாதலின், வேகமெடுக்கும்பொழுதும் தடுக்கும்பொழுதும் வண்டி முன்பின்னாகச் சாய்ந்தது, செலவும் கூடியது. 1969ஆம் ஆண்டு தொடங்கி மினி வகைகள் இறப்பர்க் கூம்புகளுக்கே மீண்டன. 1971ஆம் ஆண்டுடன் ஐதரோலாஸ்டிக் மினியினின்றும் முற்றாக நீங்கியது.

மோல்ட்டன் அதனோடு நின்றாரல்லர். இறப்பரின் இடத்தில் நைதரசனை வைத்து ஐதராகாஸ் என்னும் அமைப்பை ஆக்கினார். 1973ஆம் ஆண்டு ஒஸ்ரின் அலெக்ரோவில் அது வெளிவந்தது. 1980ஆம் ஆண்டு தோன்றிய மெற்றோ என்னும் சிறு வண்டியிலும் அது பொருத்தப்பட்டது. எனினும் முன்னையும் பின்னையும் இணைக்கும் குழாய் அங்கு விடப்பட்டது. அக்குழாயின்றி அமைப்பின் பயன் பெரிதும் குன்றியது. மோல்ட்டன் தாமே ஒரு மெற்றோவை எடுத்து, விடுபட்ட இணைப்பைப் பொருத்தி, அதன் ஓட்டத்தைப் பிறர் உணருமாறு காட்டினார். 1990ஆம் ஆண்டு திருத்தி வெளியிடப்பட்ட மெற்றோ முன்பின் இணைப்பைப் பெற்றது. சிறு வண்டிகளுள் மிக நன்றாகச் செல்லும் வண்டியெனப் பாராட்டும் பெற்றது. மாற்றியமைக்கப்பட்ட ஒரு சிறு வண்டி, தொழிற்சாலையின் முடிவையே மாற்றிய நிகழ்ச்சி இதுவாகும்.

மோல்ட்டனின் வழிக்கும் குறையுண்டு. உயரந்திருத்தி இன்மையால் சுமையேறினால் வண்டி தாழும். ஆண்டுகள் செல்ல வாயு கசிந்தால் உறுப்பையே மாற்றல் வேண்டும். 1995ஆம் ஆண்டு முதல் ஐதராகாசைக் கொண்டிருந்த எம்.ஜி.எவ். என்னும் சிறு விளையாட்டு வண்டியின் வழிவந்த வண்டி, 2002ஆம் ஆண்டு இரும்புச் சுருள்வில்லுக்கு மாறியது. பழைய எம்.ஜி.எவ். வண்டிகளை வைத்திருப்போரிற் சிலர், வாயுவில்லை நீக்கிச் சுருள்வில் பொருத்துகின்றனர். மாற்றியமைத்தல் இருதிசையிலும் நிகழ்வதொன்று.

முடிபு

இவ்வரலாற்றினின்றும் பெறப்படுவது யாதெனில், எண்ணெய்-வாயு வில்லைத் தனியுறுப்பாகக் கருதுவோன் தோல்வியுறுவான் என்பதாம். கோளமொன்றைக் கழற்றிப் பிறிதொரு வண்டியிற் பொருத்துதல் ஒருநாள் வேலை. அக்கோளம் வில்லாவதற்கு, அதன் அமுக்கம் வண்டியின் சுமையுடனும், உருளை உடலின் வலிமையுடனும், மென்மை அச்சிடைத்தூரத்துடனும் பொருந்துதல் வேண்டும். உறுப்புகள் அனைத்தும் இருந்தும் இணைக்கும் குழாயொன்று இல்லாமையாற் பயன் குன்றிய மெற்றோவும், புதிய வில் வந்தும் உடல் அதற்கு இசையாத மினியும் இதற்குச் சான்றாவன.

சிறு வண்டிக்கே இவ்வில் மிகுதியும் வேண்டப்படுகிறது; சிறு வண்டியிலேயே அதற்குரிய இடமும் பொருளும் மிகுதியும் குறைவு. இம்முரண்பாட்டை ஜி.எஸ். வண்டி முழு அமைப்பையும் ஏற்றுத் தீர்த்தது. மோல்ட்டன் வேண்டாதவற்றை நீக்கித் தீர்த்தார். மாற்றியமைப்போன் இவ்விரு வழிகளுள் எதனைத் தெரியினும், தெரிந்ததனை முற்றச் செய்தல் வேண்டும். மாஜேஸ் 1954ஆம் ஆண்டு செய்ததுபோலப் பின்னச்சில் மாத்திரம் தொடங்கி, தடுப்பைத் தீண்டாது, உயரந்திருத்தியைப் பொருத்தி, வெறும் வண்டியிலும் நிறைந்த வண்டியிலும் அளந்து பார்த்து, அதன் பின்னரே முன்னச்சுக்குச் செல்வோன் நற்பயன் எய்துவான். நால்வரை ஏற்றியும் தாழாது, ஒருவரை ஏற்றியும் குலுங்காது செல்லும் சிறு வண்டி அவனுக்குக் கிடைக்கும்.